சுரங்கத்து மூச்சு

ஷாக்தோவ் ஊரில் ஹினெக்கைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவரைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கதவைத் திறந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மனுஷர் தங்கமானவர்தான். அவர் தூக்கிக்கொண்டு அலைந்த சாம்பல் நிறப் பெட்டியைத்தான் யாருக்கும் பிடிக்காது.

இருபத்திரண்டு வருடம் அவர் சுரங்கத்தில் காற்று பார்க்கிற வேலை செய்தவர். மலைக்கு அடியில் யுரேனியம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. எந்த வழியில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த முடுக்கில் தேங்கி நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தேங்கின இடத்தில் ஆட்களை நிற்க விடக்கூடாது. அவர் வேலை அவ்வளவுதான். சுரங்கத்தை மூடியதும் மாவட்ட அலுவலகம் அவரையே கூப்பிட்டு, இனிமேல் வீடுகளை அளந்துகொடு என்றது. பாறைக்குள்ளிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசிகிறது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறி, அடைத்த அறையில் நின்றுவிடும். வருடக்கணக்கில் அதை உள்ளே இழுத்தால் நுரையீரலில் புற்று வைக்கும். பழைய வீடென்றால் அளக்கிற பெட்டி நானூறு காட்டுகிற வரைக்கும் விட்டுவிடலாம். அதற்கு மேலே போனால் ஏதாவது செய்தாக வேண்டும்.

இதை ஷாக்தோவ்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மலைக்குக் கீழே பெரிய குளியல் இல்லம் இருக்கிறது. சுரங்கத்து ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, மூட்டுவலிக்காரர்களை அதில் உட்கார வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இருப்பதும் இதே வாயுதான். மருந்து என்று டாக்டரே சீட்டு எழுதிக்கொடுக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை.

"ஜெர்மனிலேர்ந்து ரயிலேறி வந்து அதுல முங்குறான். எங்க வீட்டுல சும்மா வருது, அதுவும் உனக்குப் பொறுக்கலையா ஹினெக்?" என்று மதுக்கடையில் கேட்பார்கள்.

அவருக்கு அலுவலகம் முதலில் கொடுத்தது வாயுவை அளக்கிற சின்னச் சின்ன டப்பாக்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று. ஒரு வருடம் முழுக்க அறையில் இருக்க வேண்டும். கதை எப்படி முடிந்தது தெரியுமா? கிழவர் அலோயிஸ், பத்திரமாக இருக்கட்டும் என்று குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஒருத்தி அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வெண்டுலா வீட்டில் அது ஜன்னல் மேடையில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஹினெக் தலையில் அடித்துக்கொண்டு எல்லா டப்பாவையும் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, மணிக்கொரு தரம் தானே எண்ணைக் காகிதத்தில் அடிக்கிற பெட்டியை வாங்கிக்கொண்டு, அந்தக் கோடையில் மேட்டுத்தெருவின் பத்தொன்பது வீடுகளையும் வீட்டுக்கு மூன்று நாள் வீதம் அளந்து முடித்தார். எல்லா வீட்டிலும் நூறைச் சுற்றித்தான் வந்தது. எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் காகிதம் கொடுத்தார்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று வெண்டுலாவின் வீடு. அவள் குளியல் இல்லத்தில் பதினாறு வருடமாகத் தொட்டி நிரப்புகிறவள். புருஷன் லுபோர் சுரங்கத்துக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சில் சீக்கு வந்து போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ராட்கா. மாப்பிள்ளை தூர தேசத்துக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீடு. ராட்கா வயிற்றுப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்து, பின்கட்டு அறையில் தங்குவதாகப் பேச்சு. அதனால் வெண்டுலாவே ஹினெக்கைக் கூப்பிட்டு, "அந்த ரூம நல்லாப் பாத்துச் சொல்லு. பொறக்கப்போற புள்ள படுக்கப்போற எடம்" என்று கேட்டிருந்தாள். ஜூலை மாதம். பெட்டி எண்பது காட்டியது. அந்தக் காகிதத்தை அவள் சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். அக்டோபரில் எலிஷ்கா பிறந்தாள். பின்கட்டு அறையில் தொட்டில் போட்டார்கள்.

டிசம்பர் நாலாம் தேதி வருகிற பார்போரா நாள் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஹினெக் குழந்தையைப் பார்க்கப் போனார். அவர் மனைவி யார்மிலா வனிலா பிஸ்கட்டை ஒரு தட்டில் அடுக்கித் துணி மூடிக் கொடுத்தனுப்பியிருந்தாள். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. வெண்டுலா கதவைத் திறந்து, பூட்ஸைக் கழற்றக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா வா. முதல்ல இத வந்து பாரு. அப்புறம் புள்ளயப் பாக்கலாம்."

பார்போரா நாளில் செர்ரிக் கிளை வெட்டித் தண்ணீரில் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கிறிஸ்துமஸுக்குள் பூத்தால் வீட்டுக்கு நல்லது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தாங்கு தாங்கென்று தாங்கினாலும் இருபதாவது நாள்தான் கண் திறக்கும். வெண்டுலாவின் கிளை பின்கட்டு அறையில், துணிப்பெட்டியின் மேல் ஒரு ஜாடியில் இருந்தது. பன்னிரண்டாவது நாளே வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

"எப்பிடி? யார்மிலா வீட்டுல இன்னும் மொட்டுகூட வந்திருக்காதே?" என்று வெண்டுலா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ஹினெக் பூவைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு இல்லை. வெந்நீர்க் குழாய் இல்லை. இரட்டை ஜன்னலின் நடுவே பழந்துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தது. ஒரு நூல் காற்று நுழைய வழியில்லை. ஆனால் அறை உறையவில்லை. கன்னத்தில் மெத்தென்று ஏதோ படுகிறது.

"வெண்டுலா, இங்க சூடு எங்கேர்ந்து வருது?"

"மலையோட மூச்சுதான். வேறென்ன?" என்று அவள் சர்வசாதாரணமாகச் சொல்லி, துணிப்பெட்டியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அடியில் பலகை ஒன்று அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கல்லில் உளியால் கொத்தின துவாரம், ஒரு தட்டு அளவு.

ஹினெக் மண்டியிட்டுக் கையை நீட்டினார். ஈரக் கல் வாடையோடு காற்று மெதுவாக, நிற்காமல் மேலே வந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் முகத்தில் வாங்கின காற்று அது. 

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"லுபோர் பெருசாக்குனாரு. அதுக்கு முன்னாலயே அவங்கப்பா காலத்துல சின்னதா இருந்துச்சு. உருளைக்கிழங்கு உறையாது, தண்ணிக் குழாய் வெடிக்காது. மூச்சுள்ள வீடுன்னு காதோட காதாக் கேட்டுத்தானே எங்கம்மா என்னைக் கட்டிக் குடுத்தாங்க. நவம்பர்ல மார்ட்டின் நாளுக்கு ஓட்டைல திணிச்ச சாக்க எடுப்போம், ஈஸ்டருக்குத் திணிச்சிடுவோம். கோடையில அது கீழ இழுக்கும், பூச்சி பொட்டு வரும்."

"ஜூலையில நான் வந்தப்ப ஏன் சொல்லல?"

"நீ ரூம அளக்க வந்தே. ஓட்டைய அளக்கவா வந்தே?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொன்னா ஆபீசுக்கு எழுதிப் போடுவே. சுரங்கத்து மேல உக்காந்திருக்கற வீடுன்னு சொல்லி இடிச்சிட்டா நான் எங்க போறது? இப்பத்தான் காயிதம் வந்தாச்சே."

ஹினெக் எழுந்திருக்கவில்லை. மலை எப்படி மூச்சு விடும் என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? வெளியே குளிர்ந்தால், அதைவிட வெதுவெதுப்பான சுரங்கத்துக் காற்று மேட்டில் இருக்கிற வாய் வழியாக ஏறும். வெளியே வெயிலடித்தால் அதே வாய் வெளிக்காற்றைக் கீழே இழுக்கும். அவர் பெட்டி வைத்தது ஜூலையில். துவாரத்தில் சாக்கு திணித்திருந்த மாதத்தில், மலை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த மாதத்தில். மேட்டுத்தெருவுக்கு அடியில் இருந்த பழைய வழிகளையெல்லாம் கல்லைப் போட்டு நிரப்பியாகிவிட்டது என்று வரைபடத்தில் எழுதியிருந்தது. அவர் அதை நம்பினார். நம்பி, எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தொட்டிலில் எலிஷ்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் துணிப்பெட்டியை ஒட்டித்தான் இருந்தது. கதகதப்பு அங்கேதான் அதிகம்.

"புள்ளைய இந்த ரூம்லேர்ந்து எடுத்திடு" என்றார் ஹினெக்.

"எதுக்கு?"

"எடுத்திடு வெண்டுலா. நான் போய்ப் பெட்டிய எடுத்துட்டு வரேன்."

"பொட்டி வெச்சாச்சு, அளந்தாச்சு, காயிதமும் சுவத்துல தொங்குது. உங்கையெழுத்துதானே அது? இல்ல வேற எவனாவது போட்டானா?"

"என் கையெழுத்துதான். அது தப்பு."

வெண்டுலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டுக்க. பதினாறு வருஷமா அந்தத் தண்ணிலதான் என் கை நனையுது. பாரு, இந்த விரல்ல ஒரு வீக்கம் இருக்கா? கால நீட்ட முடியாம வர்றவன் நடந்து போறான். என் புருஷன் கடைசி ஒரு வருஷம் இந்த ரூம்லதான் படுப்பேன்னு அடம் புடிச்சாரு. இங்கதான் நெஞ்சு லேசா இருக்குன்னாரு."

 லுபோருக்குச் சீக்கைக் கொடுத்தது சுரங்கமா, இந்த அறையா, இரண்டும் சேர்ந்தா என்று எந்தப் பெட்டியும் இனிச் சொல்லாது.

"குளியல் இல்லத்துல ஒருத்தர எவ்வளவு நேரம் உக்கார வெப்பே?" என்று ஹினெக் கேட்டார்.

"இருவது நிமிஷம்."

"ஒருத்தன் நாள் முழுக்க உக்காந்திருக்கேன்னா விடுவியா?"

"டாக்டர் கொன்னுடுவாரு."

"அவங்க எத்தனை நாளைக்கு வர்றாங்க?"

"மூணு வாரம்…"

"மார்ட்டின் நாள்லேர்ந்து இவ இங்க படுத்து எத்தனை வாரம் ஆச்சு?"

அவள் விரல் மடக்கி எண்ணினாள், ஐந்தில் நின்றது. ஆனாலும் லேசில் விடுகிறவளா வெண்டுலா? "உன் பொட்டி சொல்லட்டும், அப்ப பாக்கறேன்" என்று பிஸ்கட் தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அது வரைக்கும் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராட்கா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் குழந்தையைப் போர்வையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தொட்டிலைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப் போனாள். "பொட்டியக் கொண்டு வாங்க மாமா" என்று மட்டும் அங்கிருந்து சொன்னாள்.

மறுநாள் மத்தியானம், பின்கட்டில் ராத்திரி முழுக்க ஓடின பெட்டியின் காகிதச் சுருளை ஹினெக் கிழித்துப் பார்த்தார். முதல் மணிக்கு நாலாயிரம். பொழுது சாயச் சாய, வெளியே குளிர் ஏற ஏற, எண்ணும் ஏறியிருந்தது. விடிகிற நேரத்தில் ஆறாயிரத்து முந்நூறு. சுரங்கத்தில் இந்த எண் வந்த இடத்தில் அவர் சங்கிலி கட்டி, ஆட்களை வெளியே அனுப்பியிருக்கிறார்.

வெண்டுலாவுக்கு எண் படிக்கத் தெரியும். சுருளைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த காகிதத்தை ஆணியோடு பிடுங்கி மேஜை மேல் வைத்தாள். திட்டியிருந்தால் ஹினெக்குக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அஞ்சு வாரம் இழுத்திருக்கா. அதை வெளிய எடுக்க வழியிருக்கா?" என்று ராட்கா கேட்டாள்.

"அஞ்சு வாரந்தான் ஆச்சும்மா. வருஷக்கணக்குல இருந்தாத்தான்…"

"வழியிருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க மாமா."

"இல்லை" என்றார் ஹினெக்.

துவாரத்தை அன்றைக்கே கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். மூன்று நாள் கழித்து அளந்தால் பின்கட்டில் எண்ணூறுக்கு இறங்கியிருந்தது. சமையலறையில் ஆயிரத்து நானூறு. அதற்கு முன்னால் அங்கே இருநூறுகூட இருந்ததில்லை. போகிற வழியை மறித்ததும் மூச்சு சுவருக்குள் புகுந்து, தொட்டிலை நகர்த்தி வைத்த இடத்துக்கே வந்திருந்தது. தரையைத் தோண்டிச் சரளை போட்டு, வெளிச்சுவர் ஓரம் குழாய் பதித்து, கூரைக்கு மேலே ஏற்றி, விசிறி வைத்து இழுக்க வேண்டும். அதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. ஏப்ரல் வரைக்கும் கடப்பாரை இறங்காது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், மாப்பிள்ளை வந்து ராட்காவையும் குழந்தையையும் சமவெளியில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெண்டுலா பேருந்து வரைக்கும் போகவில்லை. வீட்டுக்குள் போய் எல்லா ஜன்னல்களிலிருந்தும் துணியைப் பிடுங்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, கம்பளிக் கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இந்த ஊரில் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறப்பது செத்த வீட்டில்தான்.

ஹினெக் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். கோடையில் கொடுத்த பத்தொன்பது காகிதமும் தப்பு, எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும் என்றார். புது வருடம் கழியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவில் முதல் வீட்டிலிருந்து தட்ட ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்.

"ஜூலையில நல்ல காத்து, டிசம்பர்ல கெட்ட காத்தா? காத்துக்குமா காலண்டர் போட்டிருக்கான்?" என்றார் கிழவர் அலோயிஸ்.

"உங்க வீட்டுல ஓட்டை எங்க இருக்கு, அலோயிஸ் அண்ணே?"

"எங்க வீட்டுல ஏது ஓட்டை?" என்றார் கிழவர். ஆனால் கண் தானாக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது.

இப்படித்தான் எல்லா வீட்டிலும். ஒருவர் வாசற்கதவை முகத்தில் அறைந்து சாத்தினார். இன்னொருத்தி அழுதாள். இல்லை இல்லை என்றவர்கள் எல்லாரும் கடைசியில் ஏதோ ஒரு பெட்டியை, ஒரு கம்பளத்தை, ஒரு பீப்பாயை நகர்த்திக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ரெண்டாயிரம், மூவாயிரத்து நூறு, ஒரு வீட்டில் ஒன்பதாயிரம். ஹினெக் ஒவ்வொரு மேஜையிலும் தன் பழைய காகிதத்தைக் கேட்டு வாங்கி, கோடு போட்டு அடித்து, கீழே புது எண்ணை எழுதினார்.  

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், அவர் வீட்டுக்கு வந்து பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். யார்மிலா காளான் போட்ட உருளைக்கிழங்குச் சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை முடிஞ்சுது?"

"பதினெட்டு."

"பத்தொம்பதுன்னியே?"

"பத்தொம்பதாவது நம்ம வீடு. இங்க பயமில்ல. நம்ம கிட்டதான் ஓட்டை இல்லையே" என்று கரண்டியை எடுத்தார்.

 யார்மிலா சூப்புப் பாத்திரத்தை அடுப்பில் திருப்பி வைத்தாள். அது அவள் அம்மா வீடு. ஹினெக் பள்ளத்தாக்கிலிருந்து மாப்பிள்ளையாக வந்து ஏறினவர்.

"கொஞ்சம் எழுந்து வா" என்றாள்.

படுக்கையறைக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். ஹினெக் மறுபக்கம் பிடித்தார். இழுத்தார்கள். விரிப்பை மடித்தாள். அடியில், சரியாக அவர் தலையணை இருக்கிற இடத்துக்குக் கீழே, பலகையில் ஒரு சதுரம் அறுத்திருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு அம்மா காட்டுனா. உன் புருஷன் காத்து பாக்கற ஆளு, வாயத் தொறக்காதேன்னா. ஒனக்கு எப்பவும் குளிரு ஆகாது. இந்தப் பக்கம் படுத்தா நல்லாத் தூங்குவியேன்னுதான்…" என்று இழுத்தாள்.

ஹினெக் குனியவில்லை, கையை நீட்டிப் பார்க்கவும் இல்லை. காற்று அவர் முழங்காலில் வந்து மோதியது. அவர் சமையலறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். தரையில் வைத்து, காகிதச் சுருளைச் சரிபார்த்தார். பதினெட்டு வீட்டில் சொன்னதையே பழக்கத்தில் இங்கேயும் சொன்னார்.

"ஒரு நாள் முழுக்க ஜன்னல் கதவெல்லாம் மூடியிருக்கணும். அப்பத்தான் எண் சரியா வரும்."

"முப்பத்தோரு வருஷம் மூடியிருந்தது போதாதா?" என்றாள் யார்மிலா. ஜன்னலுக்குப் போய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருந்த துணிச் சுருளைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, வரவில்லை. ஹினெக் பெட்டியை அணைத்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று, அவளோடு சேர்ந்து இழுத்தார்.